ஜமக்காளம் வாங்கத் தெரிந்தவர் ஓவியம் வாங்கும்போது

பவானியில் ஜமக்காளம் வாங்க வருகிறவரை ஏமாற்றுவது சுலபமில்லை. மகள் கல்யாணச் சீருக்கு வாங்க வந்த ஒரு பெரியம்மா கடையில் உட்கார்ந்ததும் என்ன செய்கிறார் என்று கவனித்தால் தெரியும். முதலில் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக் கனம் பார்ப்பார். பிறகு புரட்டிப் போடுவார். ஊடை நெருக்கமாக விழுந்து பாவு வெளியே தெரியாமல் மறைந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஓரத்தை விரலால் தடவுவார். சிவப்புப் பட்டையில் ஈரக் கைக்குட்டையைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். கடைசியில்தான் கேள்வி வரும்: "ஏனுங்க, இது கைத்தறிதானுங்களா, மிசின்ல ஓட்டுனதுங்களா?" பதில் சரியாக வந்தால்தான் விலைப் பேச்சு.

இதே குடும்பத்தில் படித்து வேலைக்குப் போன மகனோ மருமகளோ கோவையில் புது வீட்டு வரவேற்பறைக்குப் படம் வாங்க ஒரு கேலரிக்குள் நுழையும்போது, அந்தத் துணிச்சல் முழுவதும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. வெள்ளைச் சுவர், குளிர்பதனம், யாரும் சத்தமாகப் பேசாத அமைதி. படத்துக்குக் கீழே சின்ன அட்டையில் ஓவியர் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு. விலை அதில் இருக்காது; மேசையில் தனித் தாளில் இருக்கும். சில அட்டைகளின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கும், விற்றாகிவிட்டது என்பதற்கு அடையாளம். வந்தவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிடித்த படத்தின் முன் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே வந்துவிடுகிறார். அல்லது ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். இரண்டாவது வகைதான் கவலைக்குரியது.

இந்தக் கூச்சத்துக்கு ரசனைக் குறைவைக் காரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டம் போட்ட சேலையில் நூலிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குக் கோடும் நிறமும் தெரியாமல் போகாது. சுவரில் மாட்டும் படத்துக்குக் காசு கொடுக்கும் பழக்கம் நமக்குக் குறைவு என்பதுதான் விஷயம். 1894இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும் மலிவு விலையில் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். அதற்குப் பின் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி, ஜவுளிக்கடை, மளிகைக்கடை காலண்டர்களாகச் சும்மாவே வந்தார்கள். ஆண்டு முடிந்ததும் தேதித் தாள் போகும். படம் ஃப்ரேமுக்குள் போகும். ஆகச் சிறந்த கலைஞர் ஒருவரின் கைவேலையை இலவசமாகவே பெற்றுப் பழகிய சுவர் இது. அந்தச் சுவருக்கு ஒரு படம் நாற்பதாயிரம் என்று சொன்னால் முதலில் வருவது திகைப்புதான்.

கொங்கு வீடுகள் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஓவியவகை தஞ்சாவூர்ப் படம். அதை வாங்கும்போது மட்டும் வாய் திறக்கும். பலகையா ப்ளைவுட்டா, ஒட்டியிருப்பது அசல் தங்க ரேக்கா, எத்தனை காரட், கல் ஜெய்ப்பூர்க் கல்லா என்று வரிசையாகக் கேட்பார்கள். கிருஷ்ணனின் முகம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, கோடு நடுங்கியிருக்கிறதா என்று கேட்பவர் அபூர்வம். தங்கத்துக்கு மதிப்புப் போடத் தெரியும், கைக்கு மதிப்புப் போடத் தெரியவில்லை. கேலரியில் தொங்கும் அக்ரிலிக் ஓவியத்தில் தங்கம் இல்லை. கை மட்டுமே இருக்கிறது. அதனால்தான் கேள்வியே எழுவதில்லை.

அப்படியானால் கேலரியில் நாம் கொடுக்கும் காசு எதற்குப் போகிறது? கேன்வாஸும் வண்ணமும் மொத்த விலையில் சிறு பகுதி. கேலரியின் பங்கு பொதுவாக 30 முதல் 50 சதவீதம் வரை. இதைக் கேட்டதும் "பாதிக்குப் பாதியா!" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. வாடகை, வெளிச்சம், அழைப்பிதழ், காப்பீடு, விற்காமல் போன கண்காட்சிகளின் நட்டம் எல்லாம் அதில் அடக்கம் என்று கேலரிக்காரர் சொல்வார். சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பங்கை அவர் நியாயப்படுத்தவேண்டிய முக்கியமான இடம் வேறு. ஓவியரின் பெயரைக் காப்பாற்றுவது அவர் வேலை. இந்த ஓவியர் யார், எங்கே படித்தார், இதற்குமுன் எங்கெங்கே காட்சிக்கு வைத்தார், இந்தப் படம் அவர் கையால் எந்த ஆண்டில் ஆனது என்பதற்கெல்லாம் பொறுப்பேற்று எழுத்தில் தருவதற்குத்தான் அந்தப் பணம். பெயருக்கும் சான்றுக்குமாகக் காசு வாங்கிக்கொண்டு சான்றைத் தராத கேலரி, சரக்கைத் தராமல் பில் போட்ட கடை.

பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பவானியில் இருந்துகொண்டே பார்க்கலாம். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கே உரியது; விசைத்தறியில் நெய்யக் கூடாது. 2006இல் கைத்தறி முத்திரையும் வந்தது. ஊருக்குப் பெயர் உண்டு, தறிக்குச் சட்டக் காப்பு உண்டு. நெய்தவருக்கு? அகலமான ஜமக்காளத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைக் கைமாற்றி நெய்கிறார்கள். எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை, பட்டை எவ்வளவு அகலம், எங்கே கறுப்புக் கோடு என்று முடிவெடுக்கிற கண் அந்தத் தறியில் இருக்கிறது. ஆனாலும் அவர்களுக்குக் கிடைப்பது கூலி. முனையில் கையெழுத்து இல்லை, சீட்டில் பெயர் இல்லை. அதே நிறப்பட்டைகளைக் கேன்வாஸில் தீட்டிக் கீழே கையெழுத்துப் போட்டால் விலை பல மடங்கு ஏறும். இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஓவியரின் விலையைக் குறைத்து இந்த அநியாயம் தீராது. நெசவாளியின் பெயரும் சீட்டில் ஏறவேண்டும்.

இந்த இரண்டு உலகங்களும் நாம் நினைக்கிற அளவுக்கு விலகியவை அல்ல. நெசவாளர் சேவை மையங்களில் வேலை பார்த்த ஓவியர்கள் தமிழகத்தில் பலர். கே.எம். ஆதிமூலமும் வீர சந்தானமும் மாதச் சம்பளத்துக்குத் துணிக்கு வடிவம் வரைந்துகொண்டே தங்கள் ஓவியங்களையும் செய்தவர்கள். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பார்த்திராத தீவிர வாசகர் குறைவு. சிறுபத்திரிகைகளிலும் புத்தக அட்டைகளிலும் அவருடைய கோடு தமிழ் வாசகரின் அலமாரிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நவீன ஓவியத்தோடு நமக்குள்ள உறவு பெரும்பாலும் இப்படி, புத்தகம் வாங்கினால் கூடவே வருவதாக அமைந்துபோனது. காலண்டருக்கு அடுத்தபடியாக அட்டைப்படம்! வாசகருக்கு ஓவியரைத் தெரியும்; அவர் படம் எங்கே விற்கும் என்று மட்டும் தெரியாது.

தெரியாமல் போனதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. சென்னையில் கலைப்பள்ளி 1850இலேயே வந்துவிட்டது. முற்போக்கு ஓவியர் சங்கம் 1944இல் அமைந்தது. தனியார் கேலரி என்று சொல்லத்தக்க சரளா ஆர்ட் சென்டர் 1965இல்தான் வருகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓவியர்களை உருவாக்கிக்கொண்டிருந்த ஊரில் அவர்களிடம் வாங்குகிறவர்களை உருவாக்க யாரும் இல்லை. கே.சி.எஸ். பணிக்கர் இதை நேரில் பார்த்தவர். கலைக்கல்லூரி முதல்வராக இருந்த அவருக்கு, தன் மாணவர்கள் படித்து முடித்ததும் ஓவியத்தை விட்டு வேறு வேலைக்குப் போவது கண்முன்னே நடந்தது. அவரும் தோழர்களும் எடுத்த வழி வேடிக்கையானது: ஓவியம் விற்காது, பத்திக் துணி விற்கும். ஆகவே பத்திக்கும் பிற கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். தமிழ்நாட்டின் நவீன ஓவியத்துக்கு அடிமனை வாங்கிக் கொடுத்தது துணி என்றால் பவானிக்காரருக்கு ஆச்சரியமாக இருக்காது.

சோழமண்டலத்தில் வாங்கியவர்களின் அனுபவம் கேலரி அனுபவத்திலிருந்து மாறுபட்டது. செய்தவரின் வீட்டுத் திண்ணையிலேயே படத்தைப் பார்க்கலாம், எதற்காக அந்த மஞ்சள் என்று அவரிடமே கேட்கலாம். இன்றும் முதல்முறை வாங்குகிறவருக்கு அந்த இடத்தைத்தான் நான் சொல்வேன். கோவையில் இருப்பவருக்கு அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. சிட்ரா என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரின் பெயரால் அமைந்தது. ஜவுளி அருங்காட்சியகமும் ஓவியக் காட்சிக்கூடமும் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த மண்ணுக்குப் பொருத்தம். வாங்கவேண்டும் என்று இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும். பவானியிலிருந்து நூறு கிலோமீட்டர் பயணம்.

பணம் இருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் என்கிற பேச்சுக்கு நியூயார்க்கின் வோகல் தம்பதி நல்ல பதில். ஹெர்பர்ட் வோகல் தபால் துறை ஊழியர், டோரதி நூலகர். மனைவி சம்பளத்தில் குடும்பம், கணவர் சம்பளம் முழுவதும் ஓவியத்துக்கு. அவர்களுக்கு இரண்டே விதி: தவணையிலாவது கட்டுப்படியாக வேண்டும், தங்கள் சிறிய அடுக்குமாடி வீட்டுக்குள் அடங்க வேண்டும். இன்னும் பெயர் பெறாத இளம் ஓவியர்களின் பட்டறைக்கே போய் வாங்கினார்கள். 4,000க்கும் மேற்பட்ட படைப்புகள் சேர்ந்தன. 1992இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு அவற்றைக் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு மாநிலத்துக்கு 50 வீதம் 50 மாநில அருங்காட்சியகங்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். விற்றிருந்தால் பெரும் செல்வம். அவர்கள் விற்கவில்லை.

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. 1954இல் உலக சுகாதார நிறுவனப் பணிக்காக டெல்லி வந்திருந்த நார்வே மருத்துவர் லியோன் இலியாஸ் வோலோதார்ஸ்கி, அப்போது வளர்ந்துவந்த ஓவியரான எம்.எஃப். ஹுசைனின் 'கிராம யாத்திரை'யை வாங்கினார். பின்னர் அது ஆஸ்லோ மருத்துவமனைக்கு அன்பளிப்பாகப் போய், அங்கே சுவரில் பல பத்தாண்டுகள் தொங்கியது. 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 1.37 கோடி டாலருக்கு மேல், சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. இந்தக் கதையைச் சொல்லித்தான் பல கேலரிகள் இன்று படம் விற்கின்றன. "முதலீடுங்க, பத்து வருசத்துல பாருங்க." ஹுசைன் ஒருவருக்குப் பின்னால் விலை ஏறாத ஆயிரம் ஓவியர்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை. முதலீட்டுக்கு என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. படத்தை அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்கிய கேலரியே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தங்கத்தை அடகு வைக்கலாம், இதை எந்த வங்கிக் கிளையிலும் வைக்க முடியாது.

விலை ஏறும்போது யாருக்கு லாபம் என்பது இன்னொரு கேள்வி. தையப் மேத்தாவின் 'செலிப்ரேஷன்' 2002இல் ஏலத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாய்க்குப் போய் இந்திய ஓவியச் சந்தையையே மாற்றியது. அந்தத் தொகை படத்தை வைத்திருந்தவருக்குரியது. வரைந்தவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். பிரான்ஸ் 1920இலேயே மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு என்று சட்டம் செய்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1994 திருத்தத்தில் 53-அ என்ற பிரிவு சேர்ந்தது: மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு, அது பத்து சதவீதத்துக்கு மேற்படக் கூடாது. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சந்தையில் பெரும்பாலும் யாரும் அதைப் பேசுவதில்லை.

அதே சட்டம் வாங்குபவருக்கும் சில எல்லைகளைப் போடுகிறது. படத்தை வாங்கினால் அதன் பதிப்புரிமையை வாங்கியதாக ஆகாது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஓவியத்தைக் கம்பெனி டைரி அட்டையில் அச்சடிக்க ஓவியரின் அனுமதி வேண்டும். காசு கொடுத்துவிட்டோம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதும் இல்லை. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு 1979இல் பிரித்தெடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. வாங்கியது இந்திய அரசு என்றாலும் சிற்பி சிற்பிதான்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைந்தது. வருமான வரிச் சட்டத்தில் 2007 திருத்தத்துக்குப் பிறகு ஓவியம் வீட்டுச் சாமான் கணக்கில் வராது. விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. வாங்கிய விலைக்கு ரசீது இல்லாதவர் இங்கேயும் மாட்டிக்கொள்வார். 'பில் இல்லாம இருந்தா கொஞ்சம் குறைச்சுக்கலாங்க' என்று ஒரு கேலரிக்காரர் என்னிடம் சொன்னதுண்டு. குறைவது விலை மட்டுமல்ல.

ரசீதையும் சான்றையும் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் போலிகள். 2011இல் கொல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் தாகூர் வரைந்தவை என்று 20 ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. சந்தேகம் கிளம்பி, தொல்லியல் துறை ஆராய்ந்து, அவை அவருடையவை அல்ல என்றது. தாகூர் ஊரில், ஓவியம் கற்பிக்கிற இடத்திலேயே நடந்தது இது. தாகூர், ஜாமினி ராய், ரவிவர்மா, அம்ரிதா ஷெர்-கில் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசியக் கலைச்செல்வங்கள். நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. உள்ளூரில் தேவை அதிகம், போலியும் அதிகம். 'பழைய வீட்டில் கிடைத்தது' என்று யாராவது ஜாமினி ராய் கொண்டுவந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவது நல்லது.

இந்தப் பெரிய பெயர்கள் நம்மில் பலருக்கு வரப்போவதில்லை. நமக்கு வரும் சிக்கல் அச்சுப்படம். என் உறவினர் ஒருவர் கோவையில் ஒரு காட்சியில் வாங்கிய படத்தைக் கொண்டுவந்து காட்டினார். கேன்வாஸ்தான், கீழே கையெழுத்தும் இருந்தது. சாய்த்துப் பிடித்தபோது வண்ணத்துக்கு மேடு பள்ளமே இல்லை. கண்ணாடி வைத்துப் பார்த்தால் நுண்ணிய புள்ளிகள். கேன்வாஸில் கணினி அச்சு, மேலே சில இடங்களில் மட்டும் பளபளப்பு மெருகு. அச்சுப்படம் வாங்குவதில் தவறே இல்லை. ஓவியரே கல்லிலோ செம்பிலோ அமிலம் அரித்த தகட்டிலோ செய்து, 7/50 என்று பென்சிலில் எண்ணிட்டால், மொத்தம் ஐம்பது பிரதி, இது ஏழாவது என்று அர்த்தம். அது கலைப்படைப்பு, குறைந்த பணத்தில் நல்ல ஓவியரின் கையை வீட்டுக்குக் கொண்டுவரும் வழி. அச்சை மூலமென்று விற்பதுதான் தவறு. உறவினருக்குக் கொடுத்த சான்றிதழில் தங்க எழுத்தில் கேலரி பெயர் இருந்தது. ஊடகம், அளவு, ஆண்டு மூன்றும் இல்லை. "மூலம்" என்கிற வார்த்தையும் இல்லை. யாரும் பொய் எழுதவில்லை, எழுதவேண்டியதை விட்டுவிட்டார்கள்.

சான்று என்றால் எப்படி இருக்கவேண்டும் என்பதற்குப் பவானியிலேயே ஒரு பொருள் இருக்கிறது. சங்கமேஸ்வரர் கோயிலில், கோவை ஆட்சியராக இருந்த வில்லியம் காரோ வேதநாயகி அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டில். அம்மன் சிறுமியாக வந்து எழுப்பி வெளியே அழைத்துப் போனதும் அவர் தங்கியிருந்த வீடு இடிந்து விழுந்தது என்பது ஊர்க்கதை. கதையை நம்பலாம், விடலாம். கட்டிலில் கொடுத்தவரின் கையெழுத்தும் 1804 என்ற ஆண்டும் இருக்கின்றன. யார், எப்போது என்ற இரண்டுக்கும் பொருளிலேயே பதில் எழுதப்பட்டு, இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கேள்விக்கு இடமில்லாமல் நிற்கிறது.

ஆகவே அடுத்தமுறை கேலரிக்குப் போகிறவர் கடைக்குப் போகிற வாயோடு போகவேண்டும். படத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கம் காட்டச் சொல்லுங்கள். நல்ல கேலரி சந்தோஷமாகக் காட்டும். மூலமா அச்சா, அச்சென்றால் எத்தனை பிரதி, காகிதம் அமிலமற்றதா, வெயில் பட்டால் நிறம் நிற்குமா என்று கேளுங்கள். விலை பேசக் கூச்சம் வேண்டாம். தவணை கேட்கவும் கூச்சம் வேண்டாம், ஓவியருக்கு எப்போது பணம் போய்ச் சேரும் என்று கேட்கவும் கூச்சம் வேண்டாம். ஓவியர் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, மூலம் என்ற சொல், கொடுத்த தொகை, இவை ரசீதிலேயே ஏறட்டும். படத்தின் புகைப்படம் ஒட்டி ஓவியரின் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பவானிக்குத் திரும்பி ஜமக்காளம் வாங்கும்போது ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள்: இதை நெய்தது யாருங்க? அந்தப் பெயரையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.